விருந்துக்கு மறுநாள்: ஹேங்ஓவரும் நீராகாரமும்

புதுச்சேரியில் புத்தாண்டு இரவு முடிந்து ஜனவரி 1 விடியும்போது, எங்கள் தெருவில் யாராவது ஒருவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எலுமிச்சம்பழம் கேட்பது வழக்கம். கடற்கரைச் சாலையில் கொண்டாடிவிட்டு வந்தவருக்குத் தலை பாரமாக இருக்கிறது. வாய் வறண்டு, வயிறு புரட்டி, சன்னல் வெளிச்சம்கூடக் கண்ணைக் குத்துகிறது. எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுத்தால் எல்லாம் முறிந்துவிடும் என்று வீட்டார் நம்புகிறார்கள். பாம்புக் கடிக்கும் தேள் கடிக்கும் முறிவு தேடுவதைப் போலவே மதுவுக்கும் ஒரு முறிவு இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அப்படி ஒரு முறிவு இதுவரை கண்டறியப்படவில்லை. ஆனால் அந்தக் காலையை உடல் கடந்து செல்வதற்குத் துணை நிற்கும் உணவும் நீரும் உண்டு. அவற்றில் மிகச் சிறந்தவை பெரும்பாலும் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கின்றன.

முதலில் ஹேங்ஓவர் என்பது என்ன என்று பார்ப்போம். இரத்தத்தில் மது மிகுந்திருக்கும் நிலை போதை. அந்த அளவு குறைந்து பூச்சியத்தை நெருங்கும்போது தலைதூக்குவது ஹேங்ஓவர். இரண்டும் வெவ்வேறு. நள்ளிரவில் உற்சாகமாக ஆடிக்கொண்டிருந்தவர் காலை பத்து மணிக்கு, அதாவது குடித்ததில் பெரும்பகுதி கரைந்து தீர்ந்த நேரத்தில், படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதற்குக் காரணம் இதுதான். மது உடலில் இருந்தபோது எவற்றையெல்லாம் நிலைகுலையச் செய்ததோ, அவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராகும் வரை இந்தத் துன்பம் நீடிக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் அடங்கிவிடுகிறது.

மது எவ்வளவு நேரத்தில் தீரும் என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், மீதி எல்லாம் எளிதில் விளங்கும். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் பொதுவாகக் கன அளவில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ளது. அப்படியானால் 60 மில்லி கொண்ட ஒரு லார்ஜில் சுமார் 20 கிராமும், 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராமும் தூய ஆல்கஹால் இருக்கும். ‘பீர்தானே’ என்று லேசாகச் சொல்கிறோம். 8 விழுக்காடு வலிமையுள்ள 650 மில்லி பாட்டில் ஒன்றில் 41 கிராம் இருக்கிறது, ஆகவே அத்தகைய இரண்டு பாட்டில்கள் ஒரு குவார்ட்டரை விட அதிகம். கல்லீரலோ சராசரியாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு 9 மணிக்குத் தொடங்கி ஓர் ஆஃப், அதாவது 360 மில்லி, குடித்தவரின் உடலில் 120 கிராமுக்கும் மேல் சேர்ந்துவிடுகிறது. அது தீர 12 மணி நேரம் முதல் 17 மணி நேரம் வரை ஆகும். மறுநாள் காலை 9 மணிக்கு முன் தீராது. பிற்பகல் 2 மணி ஆனாலும் வியப்பதற்கில்லை. எலுமிச்சை, மோர், குளிர்ந்த நீரில் குளியல், காப்பி ஆகிய எதுவும் கல்லீரலின் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

இந்தக் கணக்கைப் புதுச்சேரிக்குக் கொண்டாட வரும் கடலூர்க்காரர்கள் குறிப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். இரவு இங்கே தங்கிவிட்டு, ‘தூங்கி எழுந்துவிட்டேன், தெளிந்துவிட்டது’ என்று காலை ஏழு மணிக்கே இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோவில் வழியாக ஊர் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்கிறது; அளவுக்கு மிஞ்சிக் குடித்தவரின் இரத்தம் மறுநாள் காலையிலும் அந்த எல்லைக்கு மேல் இருக்கக்கூடும். எல்லைக்குக் கீழே இறங்கிய பிறகும் ஹேங்ஓவரில் உள்ளவரின் கவனமும் கையின் விரைவும் குறைந்தே இருக்கும். பேருந்தில் போவதே தக்கது.

இனி உடலுக்குள் நடப்பவற்றைப் பார்க்கலாம். கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகவும், பிறகு அதைத் தீங்கு குறைந்த அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. இடையில் தோன்றும் அந்த நச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் உண்மையில் பல காரணங்கள் ஒரே காலையில் கூடிவருகின்றன. சிறுநீரகம் நீரைச் சேமிக்கும்படி மூளையிலிருந்து சுரக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை மது அடக்குகிறது. அதனால்தான் குடித்தவர் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போகிறார். வாய் வறட்சியும் தலைச்சுற்றலும் ஓரளவு இதிலிருந்து வருகின்றன. நம் கடற்கரையின் புழுக்கத்தில் வியர்வையாக வெளியேறும் நீரும் உப்பும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. ஜூலை 14 அன்று பிரெஞ்சு தேசிய நாளைக் கொண்டாடுகிறவருக்குப் புத்தாண்டைக் கொண்டாடுகிறவரை விட மறுநாள் தாகம் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

வயிற்றின் உட்சுவர் மதுவால் எரிச்சலுற்று, அமிலம் மிகுதியாகச் சுரக்கிறது. குமட்டலும் நெஞ்செரிச்சலும் அதன் விளைவு. உறக்கமும் கெடுகிறது. மது விரைவில் தூங்க வைக்கும் என்பது மெய்தான், ஆனால் இரவின் பிற்பாதியில் அது கரையத் தொடங்கும்போது உறக்கம் துண்டு துண்டாகிவிடுகிறது, எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அயர்ச்சி தீர்வதில்லை. மூளையில் நடப்பது இன்னும் நுட்பமானது. மது மூளையை மந்தப்படுத்துவதால், அதை ஈடுகட்ட மூளை தன்னைத் தானே முடுக்கிக்கொள்கிறது. மது விலகிய பின்னும் அந்த முடுக்கம் சில மணி நேரம் அடங்காமல் இருப்பதால், கை லேசாக நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாத அச்சமும் குற்ற உணர்வும் மனத்தைப் பிசைகின்றன. ‘நேற்று என்ன பேசினோமோ’ என்ற அந்தக் காலைக் கலக்கத்தில் ஒரு பகுதி உடல் சார்ந்தது என்பதை அறிந்தாலே சிலருக்கு ஆறுதலாக இருக்கும். இவற்றோடு, காய்ச்சல் வருமுன் உடல் வலிப்பதைப் போன்ற ஓர் அழற்சியையும் மது தூண்டுகிறது.

எல்லா மதுவும் ஒரே அளவு துன்பம் தருவதில்லை. புளிக்கும்போதும் மரப்பீப்பாயில் ஊறும்போதும் ஆல்கஹாலோடு வேறு சில வேதிப்பொருள்களும் சேர்கின்றன. பிராந்தி, விஸ்கி, கரிய ரம், சிவப்பு ஒயின் ஆகியவற்றில் அவை மிகுதி, ஓட்கா, ஜின் ஆகியவற்றில் குறைவு. போர்பன் விஸ்கியையும் ஓட்காவையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், விஸ்கி குடித்தவர்களுக்கே ஹேங்ஓவர் கடுமையாக இருந்தது. ஆயினும் அளவே முதற்காரணம். நிறம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக இரண்டு மடங்கு குடித்தால் பயனில்லை. ‘கலந்து அடித்ததால்தான் இப்படி ஆயிற்று’ என்று நண்பர்கள் சொல்வதும் ஓரளவே சரி. ஜெர்மனியில் 90 பேரை வைத்துப் பீரையும் வெள்ளை ஒயினையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். எதை முதலில் குடித்தாலும், ஒன்றை மட்டும் குடித்தாலும் மறுநாள் துன்பத்தில் வேறுபாடு காணப்படவில்லை. கலக்கும்போது கணக்குத் தவறி அதிகம் குடித்துவிடுகிறோம் என்பதே என் கருத்து.

மருந்துகளைப் பொறுத்தவரை, 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த தொகுப்பாய்வு, ஹேங்ஓவரைத் தடுக்கவோ தீர்க்கவோ வல்லது என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் இல்லை என்று முடிவுசெய்தது. பிறகு 21 சோதனைகளைத் திரட்டி 2022இல் அச்சான மற்றொரு தொகுப்பாய்வும், கிராம்புச் சாறு உள்ளிட்ட சில பொருள்கள் பயன் தந்ததாகத் தோன்றினாலும் அவற்றுக்கான சான்றுகளின் தரம் மிகத் தாழ்ந்தது என்றே சொன்னது. எனவே இணையத்தில் விற்கும் ஹேங்ஓவர் மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும் பணம் செலவிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் என்ன சாப்பிடுவது, என்ன குடிப்பது? இழந்த நீர், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, புண்பட்ட வயிற்றைச் சீண்டாத மாவுச்சத்து ஆகிய நான்கையும் மெதுவாகத் திருப்பித் தருவதே உணவின் வேலை. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால், எனக்குத் தெரிந்த வரையில் நீராகாரத்துக்கு இணையாக வேறொன்று இல்லை. கடலூர் முதுநகரில் எங்கள் அத்தை வீட்டில் ஒரு திருமணத்துக்கு மறுநாள் காலை, முந்தைய இரவு ‘பார்ட்டி’ என்ற பெயரில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த மாமன் மச்சான்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். அத்தை யாரையும் ஒரு சொல் கடியவில்லை. பானையில் இரவே நீர் ஊற்றி வைத்திருந்த சோற்றைக் கையால் பிசைந்து, மோர் கலந்து, உப்பிட்டு, ஆளுக்கொரு சொம்பு கொடுத்தார். சோறு இறங்காதவர்களுக்கு மேலே தெளிந்து நின்ற நீரை மட்டும் இறுத்துக் கொடுத்தார். அரை மணி நேரம் கழித்து அவர்களில் இருவர் தாமாகவே எழுந்துவந்து, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் சுட்ட நெத்திலிக் கருவாடும் கேட்டார்கள்.

அத்தை செய்ததில் உள்ள பொருத்தத்தைப் பிறகுதான் உணர்ந்தேன். இரவு முழுவதும் நீரில் ஊறிய சோறு, லாக்டிக் அமில நுண்ணுயிர்களால் இலேசாகப் புளித்து, மசிந்து, எளிதில் செரிக்கக்கூடியதாகிவிடுகிறது. அதிலுள்ள மாவுச்சத்து இரத்தச் சர்க்கரையை நிதானமாக ஏற்றுகிறது. மோரும் உப்பும் நீரோடு சேர்ந்து இழந்ததை ஈடுசெய்கின்றன. குளிர்ச்சியாக இருப்பதால் குமட்டும் நேரத்திலும் மிடறு மிடறாக உள்ளே போகிறது. பச்சை வெங்காயமும் ஊறுகாயும் கருவாடும் சுவைக்கு நல்லவைதான், ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர் முதல் சொம்பை அவை இல்லாமல் குடிப்பதே நல்லது. பழைய சோறு இல்லாத வீட்டில் நொய்க் கஞ்சி வைத்து, வெதுவெதுப்பாக ஆற்றி, உப்புப் போட்டுக் கொடுக்கலாம்.

வாந்தி எடுத்தவருக்கு முதலில் சோறு வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்காகக் கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கலாம். எலுமிச்சைச் சாற்றுக்கும் இங்கே இடம் உண்டு. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கத்தக்கதாக்குவதே அதன் பயன், முறிப்பது அன்று. இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, சோடியம் குறைவு. ஆகவே இளநீரோடு உப்புள்ள ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நிறைவாக இருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இளநீரைத் தவிர்க்க வேண்டும். பன்னீர் சோடா குமட்டலுக்கு இதமாக இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அதில் சர்க்கரை உண்டு, உப்பு இல்லை.

வயிறு கொஞ்சம் அடங்கியதும் இட்லி, வாழைப்பழம், தண்ணீராக வைத்த பருப்பு ரசம் கரைத்த சோறு, புதுச்சேரி அடுமனைகளில் காலையில் கிடைக்கும் மொறுமொறுப்பான பிரெஞ்சு ரொட்டியில் வெறுமனே இரண்டு துண்டு என எது இறங்குகிறதோ அதை உண்ணலாம். ஆட்டுக்கால் சூப்பு உப்பும் நீரும் தருவதால் நல்ல தேர்வுதான். மிளகைக் குறைத்துக்கொள்ள வேண்டும். காலையிலேயே பிரியாணி தேடிப் போகிறவர்கள் உண்டு. பசி எடுத்த பின் அதைச் சாப்பிடுவதில் தீங்கில்லை, ஆனால் புரட்டும் வயிற்றில் நெய்யும் காரமும் மேலும் சுமையாகும்.

காப்பி மதுவை இறக்காது, தூக்கத்தை மட்டுமே விரட்டும். வெறும் வயிற்றில் குடித்தால் அமிலத்தையும் கூட்டும். இருந்தாலும் நாள்தோறும் காலையில் காப்பி குடித்துப் பழகியவர் அன்று மட்டும் நிறுத்தினால், அந்தக் குறையால் வரும் தலைவலியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஏதாவது சாப்பிட்ட பிறகு அரை டம்ளர் போதும்.

‘முள்ளை முள்ளால் எடுப்பது’ என்று சொல்லிக் காலையில் ஒரு கட்டிங் போடுவது மிகவும் தவறான வழி. அது துன்பத்தைச் சில மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கல்லீரலின் கணக்கில் மேலும் சில மணி நேரம் கூடும். காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்ற நிலை ஒருவருக்கு வந்துவிட்டால், அவர் அடிமை நிலைக்குப் போய்விட்டார் என்பதற்கு அதுவே அறிகுறி. தலைவலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். இரத்தத்தில் மது இருக்கும்போதும், அடிக்கடி குடிப்பவருக்கும் பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கக்கூடும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் ஏற்கெனவே புண்பட்ட வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். முடிந்த வரை நீரும் உறக்கமும் உணவும் கொண்டு சமாளிப்பதே மேல். முடியாவிட்டால் மருத்துவரைக் கேட்டு எடுக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் 2023இல் வெளியான நாடளாவிய இண்டியாப் ஆய்வின்படி புதுச்சேரியில் வயது வந்தோரில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே அதிகமான விகிதம் அது. கல்லீரல் மதுவை எரிப்பதில் மூழ்கியிருக்கும்போது, தேவையான நேரத்தில் சர்க்கரையை உற்பத்தி செய்து இரத்தத்துக்கு அனுப்பும் தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. இன்சுலினோ, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால், விடியற்காலையில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், குழறல், குழப்பம் ஆகிய அதன் அறிகுறிகளைப் பார்த்து, போதை தெளியவில்லை என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. குளுக்கோமீட்டரில் உடனே பார்க்க வேண்டும். நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

ஹேங்ஓவர் போலவே தோன்றி உயிரைப் பறிப்பது மெத்தனால் நஞ்சு. 2023 மே மாதம் புதுச்சேரியை ஒட்டிய மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குடித்து அரை நாள், சில வேளை ஒரு நாள் கழித்தே இதன் கொடிய அறிகுறிகள் வெளிப்படுகின்றன. பார்வை மங்குவது, பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல் எல்லாம் வெளுத்துத் தெரிவது, கடுமையான வயிற்று வலி, மூச்சு வாங்குவது ஆகியவை ஹேங்ஓவரில் வருவன அல்ல. ‘மோர் குடித்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும், உடன் குடித்தவர்களையும் நலமாகத் தோன்றினாலும் அழைத்துச் செல்ல வேண்டும். விரைந்து போனால் இதற்கு மருத்துவமனையில் முறிவு மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. நாள்தோறும் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்திய பின் வலிப்பு வந்தாலோ, இல்லாதது கண்ணில் தெரிந்தாலோ அதுவும் ஹேங்ஓவர் அன்று. அவருக்கும் உடனடி மருத்துவம் தேவை.

தட்டி எழுப்பியும் எழாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. எலுமிச்சைச் சாற்றையும் மோரையும் மயங்கிக் கிடப்பவரின் வாயைப் பிளந்து புகட்டுவது நம் ஊர்களில் நடக்கிறது. அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் மூச்சுத் திணறி இறக்கவும் நேரும். தலையில் வாளி நீரைக் கொட்டுவதும் வேண்டாம். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு, ஆம்புலன்சை அழைப்பதே செய்யத்தக்கது.

மறுநாள் காலையில் செய்யக்கூடியதை விட முந்தைய மாலையில் செய்யக்கூடியதே அதிகம். குடிக்காமலே கொண்டாடுகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. குடிப்பவர், வெறும் வயிற்றோடு போகக் கூடாது. மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது, வயிற்றில் உணவு இருந்தால் அது சிறுகுடலுக்கு இறங்கத் தாமதமாகி, இரத்தத்தில் திடீரென்று ஏறுவது குறையும். மிக்சரும் வறுத்த கடலையும் இந்த உணவுக்கு ஈடாகா. அவற்றின் உப்பு தாகத்தைக் கூட்டி, மேலும் ஒரு ரவுண்டு கேட்க வைக்கும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் இடையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் இடைவெளியும் கூடும், அளவும் குறையும். எனவே மாலையில் வீட்டிலேயே சோறு வடித்து, மீன் குழம்போ பருப்போ ஊற்றி வயிறார உண்டுவிட்டு, மீந்த சோற்றில் நீர் ஊற்றி மூடி வைத்துவிட்டுக் கிளம்பலாம். இதை வீட்டுப் பெண்கள் செய்து வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை. விருந்துக்குப் போகிறவரே செய்யக்கூடிய ஐந்து நிமிட வேலைதான்.